விதைக்கு விட்ட காய்

எங்கள் ஆயா கத்தரிச் செடியில் பழைய புடவைக் கரையைக் கிழித்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால், அந்தக் கிளையில் இருக்கும் காயை வீட்டில் யாரும் தொடக்கூடாது. "அத்தத் தொடாத, வெதைக்கு உட்டிருக்கேன்" என்று கிணற்றடியிலிருந்தே குரல் வரும். குழம்புக்குக் காய் போதாத நாளிலும் அந்த விதி மாறாது. காயின் பளபளப்பு போய், ஊதா வெளுத்து, மஞ்சளும் பழுப்புமாகக் கனிந்து, காம்பு சுருங்கும்வரை அது செடியிலேயே தொங்கும்.

அறுபதுகளின் கடைசி அது. அம்பத்தூரில் எங்களுக்கு ஒரு கிரவுண்டு மனை, 2,400 சதுர அடி. முன்பக்கம் ஓட்டு வீடு, பின்னால் உறைக்கிணறு, துவைக்கிற கல், மிச்சமெல்லாம் கொல்லை. அப்பாவுக்குச் சைக்கிள் கம்பெனியில் வேலை. ஆயா பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம், கூவக்கரையில் கீரை போட்ட குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வரும்போது அவள் கொண்டுவந்த சாமான்களில் ஒரு சுரைக்குடுக்கையும் இருந்தது. அதற்குள் விதை. இந்த மேற்குப் புறநகரில் வீட்டுத் தோட்டத்துக்கு விதை பொறுக்குவது என்பதன் பொருள் என் ஒருத்தியின் ஆயுளுக்குள்ளேயே மூன்று முறை மாறிவிட்டது. அந்தக் குடுக்கையில் தொடங்கினால்தான் அதைச் சொல்ல முடியும்.

தோட்டம் இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. ஊர்ப் பெயர்களே சொல்லும். திருவேற்காடு வேலமரக் காடு. திருமுல்லைவாயிலில் தொண்டைமானுடைய யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது என்பது தலபுராணம். பூவிருந்தவல்லி, ராமானுஜர் காலத்துத் திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். இங்கே நந்தவனம் வைத்துப் பூப்பறித்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோனார் என்று வைணவர்கள் சொல்வார்கள். செம்பரம்பாக்கம், பருத்திப்பட்டு, அம்பத்தூர், கொரட்டூர் என்று ஏரிக்கு ஏரி தண்ணீர். ஏரிக்குக் கீழே நெல், ஆற்றோர மணலில் கீரை. ராத்திரி கட்டின வண்டி பூந்தமல்லி ரோடு பிடித்து விடியற்காலை கொத்தவால் சாவடிக்குப் போய்ச் சேரும் என்று ஆயா சொல்வாள். 1996-ல் அந்தச் சந்தை கோயம்பேட்டுக்கு வந்தபோது எங்கள் பக்கத்துக் கீரைக்காரர்களுக்கு வழி பாதியாகக் குறைந்தது. ஆயா அதைப் பார்க்க இல்லை.

அவள் காய்களை இரண்டு சாதியாகத்தான் பிரிப்பாள்: நாட்டுக்காய், இங்கிலீஷ் காய். கத்தரி, வெண்டை, அவரை, புடலை, பீர்க்கு, சுரை, பரங்கி, கொத்தவரை எல்லாம் நாட்டுக்காய். கோஸ், கேரட், பீட்ரூட், பீன்ஸ், நூக்கல் எல்லாம் இங்கிலீஷ். இன்றும் பல வீடுகளில் திவசத்துக்கு இங்கிலீஷ் காய் சேர்ப்பதில்லை. சமையலறையில் கிடக்கும் இந்தச் சொல்லுக்குள் ஒரு சரித்திரம் இருக்கிறது. சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-ல் தொடங்கியது. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், பெரிய தாவரவியல் அறிஞர், அதற்கு முன்நின்றவர்களில் ஒருவர். பங்களாத் தோட்டங்களுக்குக் கோஸ், காலிஃபிளவர் விதை அப்போது கப்பலில் வந்தது. கடல் ஈரத்திலும் சூட்டிலும் மாதக்கணக்கில் கிடந்த விதையில் பாதிக்கு உயிர் போயிருக்கும். சமவெளியின் வெயிலில் முளைத்ததும் சரியாகத் தேறாது. பிறகு அந்தக் காய்களெல்லாம் ஊட்டியிலும் பெங்களூரிலும் இடம் பிடித்துக்கொண்டன. மிளகாயும் தக்காளியும் கடல் தாண்டி வந்தவைதான். ஆனால் மிளகாய் வெகுநாள் முன்பே வந்து நம் வெயிலுக்குப் பழகிவிட்டது. அதை இங்கிலீஷ் காய் என்று யாரும் சொல்வதில்லை. மண்ணுக்கு ஒத்துப்போய், வீட்டிலேயே விதை எடுக்க முடிந்தால் அது நாட்டுக்காய். ஆயாவின் கணக்கை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அவள் விதை எடுத்த விதத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

கத்தரியில் முதல் பறிப்பிலும் விதைக்கு விடமாட்டாள், கடைசிப் பறிப்பிலும் விடமாட்டாள். முதல் பறிப்பின்போது செடியின் குணம் இன்னும் தெரியாது. நாளைக்கே வாடல் வந்து சாயலாம். கடைசியில் செடி ஓய்ந்துபோயிருக்கும். விதை சாவியாக இருக்கும். இரண்டாம், மூன்றாம் பறிப்புதான் அவளுக்கு. அதிலும் பெரிய காயாகப் பார்த்து விடுவதில்லை. எந்தச் செடியில் சொத்தை குறைவு, எது கொத்தாகக் காய்க்கிறது, எது ஒருநாள் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் தலை தொங்காமல் நிற்கிறது என்று இரண்டு மாதமாகப் பார்த்துவைத்திருப்பாள். அந்தச் செடிக்குத்தான் துணி. கனிந்த காயை நாலாகக் கீறித் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கசக்கினால் சதை மேலே வரும், பொக்கு விதையும் மிதக்கும். அடியில் தங்கின விதையை வறட்டிச் சாம்பலில் புரட்டி, முறத்தில் பரப்பி, தாழ்வாரத்து நிழலில் உலர்த்துவாள். வெயிலில் காயவைக்கக் கூடாது. பரங்கி விதையைச் சாணியில் பதித்துச் சுவரில் அடித்துவிடுவாள். ஆடியில் உடைத்து எடுத்தால் ஒரு பூச்சி இருக்காது. பீர்க்குக்கு அந்த வேலையும் இல்லை. முற்றிய காயே கூடு. அடுப்புக்கு மேலே உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டால் புகை படிந்து, ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும்.

கீரையில்தான் அவள் கை தெரியும். பாத்தியில் எந்தச் செடி முதலில் பூவெடுக்கிறதோ அதை முதலில் பிடுங்கிவிடுவாள். எனக்கு அப்போது புரியாது. விதை வேண்டும் என்கிறாள், பூத்ததைப் பிடுங்குகிறாளே என்று தோன்றும். சீக்கிரம் பூக்கிற கீரையில் விதை எடுத்தால் அடுத்த வருஷமும் சீக்கிரம் பூத்து, நாலு நாளில் தண்டு முற்றிவிடும். கடைசிவரை இலையாகவே நிற்கிற செடியைத்தான் ஓரத்தில் நாலைந்து விட்டுவைப்பாள். கதிர் பழுத்ததும் பனி உலருவதற்கு முன் அறுப்பாள். வெயிலேறினால் விதை மண்ணில் கொட்டிவிடும். தாத்தாவின் பழைய வேட்டியில் நாலு நாள் போட்டு, தட்டி, முறத்தில் புடைத்தால் கடுகைவிடச் சிறிய கறுப்பு மணிகள் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். ஒரு கிராமிலேயே ஆயிரத்துக்கு மேல் இருக்கும். விதைக்கும்போது மணலோடு கலந்து தூவுவாள். எறும்பு இழுக்காமல் இருக்கப் பாத்தியைச் சுற்றி ஒரு கைப்பிடி நொய் போடுவாள். எறும்பு நொய்யைத் தூக்கிக்கொண்டு போகும், கீரை முளைத்துவிடும்.

சுரைக்கு வேறு பரீட்சை. விதைக்கு விட்ட கொடியில் இளங்காய் ஒன்றைப் பறித்துக் காம்புப் பக்கம் ஒரு சீவல் நாக்கில் வைப்பாள். கசந்தால் துப்பிவிட்டு, அந்தக் கொடியையே வேரோடு பிடுங்கிவிடுவாள். குக்கர்பிட்டாசின் என்கிற கசப்புப் பொருள் சுரை இனத்தில் இருக்கிறது, கசக்கும் சுரைக்காய்ச் சாறு குடித்தால் உயிருக்கே ஆபத்து என்று நான் பத்திரிகையில் படித்தது இவ்வளவு காலம் கழித்துத்தான்.

அவரைதான் அவளுடைய செல்லம். பட்டையான காய், ஓரத்தில் ஊதா வரி, ஊதாப் பூ. ஆடிப்பட்டம் தேடி விதை என்று எல்லாரும் சொல்கிறோம். அவரைக்கு அது எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். பழைய கொடி அவரை பகல்பொழுது சுருங்கினால்தான் பூக்கும். நீங்கள் சித்திரையில் போட்டாலும் அது பந்தல் முழுக்க இலையாகப் படர்ந்து நிற்குமே தவிர, ஐப்பசி கார்த்திகை வராமல் பூவெடுக்காது. ஆடியில் போட்டால் கொடி வளர்ந்து முடியும் நேரமும் பகல் குறுகும் நேரமும் சரியாக ஒன்றுசேரும். பொங்கலன்று பந்தல் நிறையக் காய். கோவையில் பின்னால் வெளியிட்ட செடி அவரைகளுக்கு இந்தக் கணக்கு இல்லை. எந்த மாதம் போட்டாலும் பூக்கும். இரண்டும் அவரைதான். ஆனால் எது வேண்டும் என்று தெரியாமல் விதை வாங்குகிறவருக்கு ஆறு மாதம் வீண்.

மூலிகைக்கும் வாசனைக்கும் அவள் விதையே தேடமாட்டாள். மளிகைத் தனியாவைக் கட்டாந்தரையில் கொட்டிச் செருப்பால் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தால் கொத்தமல்லி. அஞ்சறைப்பெட்டி வெந்தயமே வெந்தயக்கீரை. புதினா, பொன்னாங்கண்ணி, கற்பூரவல்லி எல்லாம் கிள்ளி நட்டால் வருகிறவை. கறிவேப்பிலைப் பழம் கறுத்ததும் தோலை நசுக்கி அன்றைக்கே மண்ணில் போட வேண்டும்; அது காய்ந்தால் உயிர் போய்விடும். இன்றைக்கும் காய்ந்த கறிவேப்பிலை விதையைக் காசு கொடுத்து வாங்கி ஏமாறுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. முருங்கைக்கு விதைத் தேர்வு என்பதே அப்போது கிடையாது, மரத் தேர்வுதான். யார் வீட்டுக் காய் சதைப்பற்றாக இருக்கிறதோ அவர் வீட்டுக்குப் போய் ஒரு போத்து கேட்டு வாங்கி நடுவது. நன்றாகச் சாப்பிட்ட வீட்டில்தான் போத்து கேட்போம்.

இனி ஊருக்கு ஆட்கள் வந்த கதை. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்து, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த பத்தாண்டுகளில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை. திருநெல்வேலி, மதுரை, வடாற்காடு, கேரளம், ஆந்திரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் குடும்பங்கள் குவார்ட்டர்ஸுக்கும் புது நகர்களுக்கும் வந்தன. வந்தவர்கள் விதையையும் முடிந்துகொண்டு வந்தார்கள். நான் 1978-ல் உடைத் தொழிற்சாலையில் தையல் பிரிவில் சேர்ந்தேன். அம்பத்தூரில் லோக்கல் ட்ரெயின் ஏறினால் திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி. அந்தச் சின்னப் பயணத்தில் கைமாறிய விதைக்கு அளவில்லை. குண்டூர்ப் பக்கத்து அக்கா ஒருத்தி புளிச்சகீரை விதையை மாத்திரை டப்பாவில் கொடுத்தாள். மலையாளத்துப் பெண் முழ நீளப் பயறு கொண்டுவந்தாள். திருநெல்வேலிக்காரி "சீனியவரைக்கா வெத இருக்கு, வேணுமா?" என்றதும் ஏதோ அபூர்வம் என்று ஆசையாய் வாங்கி வந்தேன். பார்த்தால் நம் கொத்தவரை. அது முளைத்தபோது ஆயா ஒப்பிட்டுப் பார்த்து, அவள் ஊர்க்காயில் நார் குறைவு என்று அதையே வைத்துக்கொண்டாள். வேறு எந்தப் பாராட்டும் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

பாக்கெட் விதை எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்பா வழியாக. சைதாப்பேட்டையில் வெள்ளைக்காரர்கள் நடத்திய வேளாண் பள்ளிதான் 1906-ல் கோவைக்குப் போய், பிற்பாடு பல்கலைக்கழகமாக வளர்ந்தது. சென்னையின் மேற்கே இருந்த நமக்குப் பக்கத்தில் தொடங்கிய ஒன்று கோவைக்குப் போய், அங்கிருந்து 'கோ 1', 'கோ 2' என்று எண் போட்ட விதையாகத் திரும்பி வந்தது. தண்டுக்கீரைக்குக் கோ 1. தண்டு தடித்து, நார் இல்லாமல். டெல்லியிலிருந்து பூசா சவானி வெண்டை. நரம்பெல்லாம் மஞ்சளாகித் தேமல் விழும் நோய் வெண்டைக்குப் பெரிய சாபம். வெள்ளை ஈ பரப்புவது அது. பூசா சவானி முதலில் அதைத் தாங்கியது. ஆயாவே ஒத்துக்கொண்டாள், அந்த வெண்டையில் அவள் விதையும் எடுத்தாள், அதுவும் அப்படியே முளைத்தது. போகப்போகத் தாங்கும் சக்தி குறைந்து, பிறகு அர்க்கா அனாமிகா போன்ற ரகங்கள் வந்தன. 1989-ல் பெரியகுளத்திலிருந்து பிகேஎம் 1 முருங்கை: விதை போட்ட ஆறு மாதத்தில் காய். போத்து கேட்டு வீடு வீடாகப் போன பழக்கம் அதோடு மெல்ல நின்றது. இந்த ரகங்களை நான் குறை சொல்லமாட்டேன். அரசாங்கப் பண்ணைகளில் உழைத்தவர்கள் கொடுத்த நல்ல விதை; எடுத்து வைத்து மறுபடி போடலாம் என்பதுதான் அதன் பெரிய குணம்.

என் கை சுட்டது தொண்ணூறுகளில். 1988-ல் மத்திய அரசின் புதிய விதைக் கொள்கை வந்து, வெளிநாட்டுக் காய்கறி விதைக்கு வாசல் திறந்தது. கொஞ்ச நாளில் ஊர் முழுக்க ஹைபிரிட் பாக்கெட். பாரிஸ் பக்கம் ஒரு கடையில் தக்காளி விதை வாங்கினேன். ஒரே அளவு, ஒரே நிறம், ஒரு செடியில் கூடை கூடையாய்க் காய். ஆசை தாங்காமல் ஆயா மாதிரியே நல்ல செடியாகப் பார்த்துத் துணி கட்டி, பழத்தைப் பிழிந்து, இரண்டு நாள் புளிக்கவைத்து, கழுவி உலர்த்தி, பக்கத்து மூன்று வீடுகளுக்கும் கொடுத்தேன். அடுத்த தையில் போட்டால் ஒன்று குட்டை, ஒன்று கொடி, ஒன்றில் கோலி அளவு காய், ஒன்றில் காயே இல்லை. மூன்று வீட்டாரும் என்னைக் கேட்டார்கள். எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. இரண்டு வேறு வேறு பெற்றோரை ஒட்டுச்சேர்த்த முதல் தலைமுறைதான் அந்தப் பாக்கெட். அதன் பிள்ளைகள் தாத்தா பாட்டியின் குணங்களைக் கலைத்துப் பிரித்துக்கொள்ளும். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் கண் நல்ல கண்தான், செடியைச் சரியாகத்தான் பொறுக்கியிருந்தேன். ஆனால் பொறுக்கிப் பயனில்லாத விதை என்று ஒன்று இருக்கும் என்பது ஆயாவின் உலகத்தில் இல்லை.

அதற்குப் பிறகுதான் அட்டை படிக்கக் கற்றுக்கொண்டேன். 1966-ம் வருஷத்து விதைச் சட்டம் நம் கையில் கொடுத்த கருவி அது. சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை, உண்மைநிலை விதைக்கு வெளிர்ப்பச்சை. பரிசோதித்த தேதி, காலாவதித் தேதி, முளைப்புத் திறன் எல்லாம் போட்டிருக்க வேண்டும். கத்தரி, தக்காளிக்குக் குறைந்தது 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 முளைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டிவைத்து எண்ணிப் பார்ப்பேன். கல்யாணத்தில் பாலிகை தெளிக்கிறோமே, ஒன்பது தானியத்தைக் கிண்ணத்தில் போட்டுப் பால் ஊற்றி. அதுவும் வீட்டு விதைக்கு உயிர் இருக்கிறதா என்று ஊர் கூடிப் பார்த்த சோதனையாகத்தான் தொடங்கியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

கொல்லைகள் போனது எல்லார் கண்ணுக்கும் தெரிந்த கதை. ஒரு கிரவுண்டு அரையாகி, அரை அடுக்குமாடியாகியது. எங்கள் மனையிலும் இப்போது வீட்டுக்குப் பின்னால் நாலடி சந்துதான். தோட்டம் மாடி ஏறிவிட்டது. அரசு தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத்தைக் கையில் எடுத்தது நல்ல காரியம். 2021-ல் தொடங்கிய ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் 12 வகைக் காய்கறி விதை 15 ரூபாய்க்கும், பையும் தென்னை நார்க்கழிவுமாக மாடித்தோட்டத் தளை 225 ரூபாய்க்கும், எட்டு மூலிகை, பழச் செடிகள் 25 ரூபாய்க்கும் மானியத்தில் கொடுத்தார்கள். ஆவடியில் என் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முதன்முதலாக வெண்டைப் பூவைப் பார்த்தது அந்தப் பையில்தான். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: ஒரு செடியிலாவது ஒரு காயை முற்ற விடுங்கள். வருஷா வருஷம் பாக்கெட் வரும் என்று இருந்துவிட்டால் எது நல்ல செடி என்று இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை போய்விடுகிறது. அந்தப் பார்வையைப் பாக்கெட்டில் போட்டு யாரும் கொடுக்க முடியாது.

2015 டிசம்பர் மழையில் அம்பத்தூர் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஆயாவின் குடுக்கை எப்போதோ உடைந்துபோய், விதையெல்லாம் பிஸ்கட் டின்னில், அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது ஊதா வரி அவரை ஊறி, தோல் வெடித்து, நாற்றம் பிடித்திருந்தது. வீட்டில் நாசமான மற்ற எதற்கும் நான் அழவில்லை.

என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் திருநின்றவூரில் வீடு கட்டிப் போயிருந்தார். அவருக்கு எப்போதோ ஒரு கைப்பிடி கொடுத்தது நினைவுக்கு வந்தது. கேட்டதும் பதினெட்டு விதை பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "பக்கத்துலயே வேற அவரையும் போட்டிருந்தேன்மா, கலந்திருக்கும், பாத்துக்கோ" என்றார். கலந்துதான் இருந்தது. முதல் வருஷம் பாதிக் கொடியில் வெள்ளைப் பூ. ஊதாப் பூவிலும் வரி இல்லாத காய். ஒவ்வொரு தையிலும் வரி சரியாக விழுந்த கொடிக்கு மட்டும் துணி கட்டிக் கட்டி வருகிறேன். இப்போது நான் ஆவடியில் மகன் வீட்டில். மாடியில் மூன்று பெரிய பைகள். போன ஆடியில் போட்ட கொடிகளில் இரண்டு, ஆயாவின் அவரையேதான்: அதே பட்டை, அதே வரி. மூன்றாவது பையில் வெள்ளைப் பூ வந்தது. அதன் காயையெல்லாம் பிஞ்சிலேயே பொரியலுக்குப் பறித்துவிட்டேன். மற்ற இரண்டு கொடிகளிலும் சேர்த்து ஐந்து காய்க்குத் துணி கட்டியிருக்கிறேன். நாலு காய்ந்துவிட்டது. ஒன்று இன்னும் பச்சை.